ஸ்டீம் வீரர் தகவலை ஜாவாஸ்கிரிப்ட் ரேப்பரில் எடுப்பது எப்படி?

கணினி கேம் தளமான ஸ்டீமில் விளையாடுபவரின் பெயர், படம், வாங்கிய கேம்கள், ஆடிய நேரம் ஆகியவற்றை மற்ற நிரல்களும் கேட்டுப் பெற வால்வ் நிறுவனம் ஒரு வெப் ஏபிஐயைத் திறந்து வைத்திருக்கிறது. அதை நேரடியாக அழைப்பதென்றால் முகவரியைப் பிசகில்லாமல் கோக்க வேண்டும், 32 எழுத்துள்ள ஏபிஐ கீ என்னும் அனுமதிச் சாவியைச் சேர்க்க வேண்டும், ஜேசன் வடிவில் வரும் பதிலைப் பிரிக்க வேண்டும். ரேப்பர் லைப்ரரி இத்தனையையும் ஒரு ஃபங்ஷனுக்குள் அடக்கிவிடுகிறது. கீயைக் கொடுத்து ஒரு கிளையன்ட் ஆப்ஜெக்டை உருவாக்கி, வேண்டிய ஃபங்ஷனை, பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட்டு அழைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் நடப்பது தெரியாவிட்டால், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் தவறான தகவல் திரையில் ஏறிவிடும்.

முதலில் வீரரின் ஐடி வேண்டும். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரே பெயரைப் பலர் வைத்திருக்கலாம். மாறாதது 17 இலக்க ஸ்டீம் ஐடி மட்டுமே. கையில் இருப்பது ஒருவர் தானாக அமைத்துக்கொண்ட ப்ரொஃபைல் முகவரி என்றால், அதை ஐடியாக மாற்றித் தரத் தனி அழைப்பு உண்டு. அந்த முகவரி இல்லாவிட்டாலும் எச்டிடிபி நிலை 200 (வெற்றி) என்றே வரும். பதிலுக்குள் இருக்கும் சக்சஸ் மதிப்பு மட்டும் 1க்குப் பதில் 42 ஆக இருக்கும். நல்ல ரேப்பர் இதை எர்ராக வீசும். உங்களுடையது வீசுகிறதா என்று இல்லாத முகவரி ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பலரும் சிக்கும் இடம் அடுத்தது. ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் வகை முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்வது 9007199254740991 வரைதான்; அது 16 இலக்கம். தனிநபர் ஸ்டீம் ஐடிகளோ 76561197960265728க்கு மேல் தொடங்குகின்றன. அந்த அளவில் நம்பர் வகையால் 16இன் மடங்குகளை மட்டுமே குறிக்க முடியும். 76561197960265729 என்ற ஐடியை நம்பராக எழுதினால் உள்ளே அது சத்தமில்லாமல் 76561197960265728 ஆகிவிடும்; திரும்ப ஸ்ட்ரிங்காக்கினால் 76561197960265730 என்று வரும். இப்படித் திரிந்த ஐடிக்கு வேறொருவரின் ப்ரொஃபைல் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். ஸ்டீம் தளம் ஐடியை ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துத் தொடராகவே அனுப்புகிறது. கெடுப்பது நம் நிரல்தான். ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட், அதையே செய்யும் முன்னால் ஒட்டும் கூட்டல் குறி, மேற்கோள் இல்லாமல் ஜேசனில் எழுதிய ஐடி என எந்த வழியிலும் இது நுழையும். தொடக்கம் முதல் இறுதி வரை ஸ்ட்ரிங்காக வைத்திருங்கள். கணக்குப் போட வேண்டியிருந்தால் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகை இருக்கிறது. அதற்கும் ஸ்ட்ரிங்கையே கொடுங்கள், ஏனெனில் மேற்கோள் இல்லாத எண் பிக்இன்ட்டுக்குள் போகும் முன்பே வேறு எண்ணாகிவிடும்.

வீரர் விவர அழைப்பு ஒரே தடவையில் 100 ஐடிகளை ஏற்கும். 250 பேருக்கு 3 அழைப்புகள் போதும். லூப்பில் ஒவ்வொருவராகக் கேட்டால் 250 ஆகும், ஒரு கீக்கு ஒரு நாளின் வரம்பு 1,00,000. நீங்கள் அனுப்பிய வரிசையிலேயே பதில் வரும் என்று நம்பக் கூடாது. கிடைக்காத ஐடி பட்டியலில் இருக்கவே இருக்காது. ஆகவே ஐடியைச் சாவியாக வைத்து ஒரு மேப் கட்டி, அதிலிருந்து எடுங்கள்.

ப்ரொஃபைல் பொதுவில் இருந்தால் பதிலில் தெரிவுநிலை மதிப்பு 3 என்று வரும். அப்படியிருந்தும் கேம் விவரங்களுக்குத் தனி ப்ரைவசி அமைப்பு இருப்பதால், வாங்கிய கேம்களைக் கேட்கும்போது வெற்று ஆப்ஜெக்ட் வரக்கூடும். இதைக் காலி அரேயாக மாற்றித் தரும் ரேப்பரை நான் ஏற்கமாட்டேன்: மறைத்து வைத்திருப்பவரை ‘0 கேம்கள்’ என்று காட்டுவது பொய்.

அலகுகளையும் கவனியுங்கள். ஆடிய நேரம் நிமிடங்களில் வருகிறது. கணக்கு தொடங்கிய நாள் விநாடிகளில் வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் மில்லிவிநாடி கேட்பதால் 1000ஆல் பெருக்காவிட்டால் எல்லோரும் 1970 ஜனவரியில் சேர்ந்தவர்களாகிவிடுவார்கள்.

இவை அனைத்தும் பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் சர்வரில் ஓட வேண்டும். பிரவுசரிலிருந்து அழைத்தால், வேறு தளத்தின் பதிலைப் படிப்பதைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் விதி தடுக்கும். தடுக்காவிட்டாலும் கீ எல்லோர் கண்ணிலும் படும். கீயை நிரலுக்குள் எழுதாமல், அதற்கு வெளியே இருக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்து, உங்கள் சர்வர் வழியாகத் தேவையான விவரத்தை மட்டும் பக்கத்துக்கு அனுப்புங்கள். அழைப்புகள் அதிகமாகிவிட்டன என்னும் 429 நிலை வந்தால் உடனே திரும்ப அழைக்காமல் 1, 2, 4 விநாடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயலுங்கள். பெயரையும் படத்தையும் சில நிமிடங்களுக்கு கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைத்தால் பெரும்பாலான அழைப்புகள் தேவைப்படாது. ஆன்லைனில் இருக்கிறாரா என்ற தகவலுக்கு மட்டும் அந்த நேரத்தைக் குறையுங்கள்.