முலு குகைகளில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்

மலேசியாவின் சரவாக்கில் இருக்கிற முலு தேசியப் பூங்காவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையில் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போன வாரமும் லாங் குகையில் ஒரு பெரியவர் நடைபாதைக் கம்பியைத் தாண்டி எட்டி, கூரையிலிருந்து தொங்குகிற ஒரு கல்விழுதைத் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தார். "அண்ணே, தொடாதீங்க" என்றால், "கல்லுதானே தம்பி, என்ன ஆயிடப் போகுது?"

கல்தான், ஆனால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கூரையில் உறிஞ்சுகுழல் போல மெல்லிசாகத் தொங்குவதன் நுனியை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே ஓட்டையாக இருக்கும், முனையில் ஒரு சொட்டு நிற்கும். மேலே பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர் அது. சொட்டு அங்கே நிற்கிற நேரத்தில் விளிம்பைச் சுற்றித் துளியூண்டு சுண்ணாம்பு படிகிறது. இப்படியே ஒரு சென்டிமீட்டர் நீள நூறு ஆண்டுகூட ஆகும். உங்கள் விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை அதில் ஒட்டினால் தண்ணீர் ஒழுங்காகப் படராது, சுண்ணாம்பும் சரியாகப் பிடிக்காது, அழுக்கு மட்டும் நன்றாகப் பிடிக்கும். கொஞ்ச நாளில் அந்த இடம் கறுத்துவிடும். "கையைக் கழுவிவிட்டுத்தானே வந்தேன்" என்று ஒரு அம்மா வாதாடினார். கழுவினாலும் முகத்தையோ முடியையோ தொட்டதும் கையில் மறுபடி எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அம்மா! "நான் ஒருத்தன் தொட்டால் என்ன" என்பவர்களுக்கும் சொல்கிறேன், உங்களுக்குக் கை எட்டுகிற இடம்தான் எல்லோருக்கும் எட்டுகிறது. முலுவிலேயே இருக்கிற மான் குகையின் கூரை நூறு மீட்டருக்கும் மேலே, அதை யாரும் கெடுக்க முடியாது. பாழாவதெல்லாம் தோள் உயரத்தில் இருப்பவை.

பத்துமலையில் சிமெண்ட் தரையும் விளக்குமாகக் குகையைப் பார்த்தே பழகிய நமக்கு இது புதுசுதான், புரிகிறது. ஆனால் முலு 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானதே இந்தக் குகைகளுக்காகவும் சுற்றியுள்ள காட்டுக்காகவும்தான்.

சரி, மற்றவை. உள்ளே சாப்பாடு வேண்டாம், மிட்டாய்கூட வேண்டாம், சிந்துகிற துணுக்கில் பூஞ்சை பிடிக்கும். விளக்குப் பக்கத்துப் பாறையில் பச்சையாகத் தெரிவது நம் வெளிச்சத்தால் வந்த பாசி, அதனால் கைடு விளக்கை அணைத்தால் முகம் சுளிக்காதீர்கள். வேறு குகைக்குப் போட்டுப்போன காலணியை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். அமெரிக்காவில் ஒரு பூஞ்சை நோயால் இலட்சக்கணக்கில் வௌவால்கள் செத்திருக்கின்றன, மனிதர்களின் காலணியிலும் துணியிலும்கூட அது குகைக்குக் குகை போகும். மான் குகையில் கைப்பிடிக் கம்பியெல்லாம் வௌவால் எச்சம், தொட்டால் கழுவாமல் வாயில் கை வைக்காதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போடுங்கள்.

சாயங்காலம் வௌவால்கள் கூட்டமாக வெளியே பறக்கும்போது ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம். மழை பெய்தால் பெரும்பாலும் வெளியே வராது. அதற்குக் கைடிடம் சண்டை போடாதீர்கள், தயவுசெய்து.