வலிக்காத ஞானப்பல்லை எடுக்க வேண்டுமா?

எக்ஸ்ரேயில் ஞானப்பல் சாய்ந்திருக்கிறது என்றதுமே பிடுங்க வேண்டியதில்லை. எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, நோய் எதுவும் இல்லாத பல்லை விட்டுவைக்கலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-இலேயே இப்படிப்பட்ட பற்களை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்தச் சொன்னது. முன்பற்கள் நெருக்கியடிப்பதற்கு ஞானப்பல் தள்ளுவதுதான் காரணம் என்பதும் நிரூபணமாகவில்லை. ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் அந்த நெருக்கம் வருகிறது.

கவலைப்பட வேண்டியது கீழ்த்தாடையில் பாதி முளைத்து, முன்பக்கம் சாய்ந்து, அடுத்த கடைவாய்ப்பல்லில் முட்டி நிற்கும் பல்லைப் பற்றித்தான். அந்த இடுக்குக்குள் பிரஷ் போகாது. உணவு தேங்கி, நல்ல பல்லின் பின்பக்கம் சத்தமில்லாமல் சொத்தையாகும். வலி தெரிவதற்குள் இரண்டு பல்லும் போய்விடலாம். இங்கே மட்டும், வலிக்கு முன்பே எடுப்பது நியாயம் என்பது எங்கள் கருத்து. மேல் மூடிய ஈறு திரும்பத் திரும்ப வீங்கினாலும், நீர்க்கட்டி தெரிந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

எடுப்பதிலும் ஆபத்து உண்டு. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, இந்த வேர்களை ஒட்டியே ஓடுகிறது. இரு தாடைகளையும் முழுதாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தில் நரம்புக் குழாயின் வெள்ளைக்கோடு வேரருகே அறுபட்டிருந்தாலோ, குழாய் வளைந்திருந்தாலோ, வேர் அங்கே கருத்திருந்தாலோ தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் பார்ப்பது நல்லது. வேர் நரம்பைத் தொடுகிறது என்றால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறை இருக்கிறது. வேரில் சீழ் இருந்தாலோ பல் ஆடினாலோ அது சரிப்படாது. உதடு மரத்துப்போனால் பெரும்பாலும் சில மாதங்களில் தெளியும். சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், உங்களுக்கு இந்த ஆபத்து எவ்வளவு என்று கேளுங்கள்.

பல் எடுத்த பிறகு பஞ்சை அரைமணி நேரம் கடித்திருங்கள். முதல் நாள் கொப்பளிப்பு, ஸ்ட்ரா, புகை மூன்றும் கூடாது. குழியில் உறையும் ரத்தம் கழன்றுவிடும். அப்படிக் கழன்றால் இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் காதுவரை தெறிக்கும் வலி வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு இது அதிகம்.

பல்லை விட்டுவைத்தவர்கள் சின்னத் தலை பிரஷால் பின்பக்கம் தேய்த்து, ஆண்டுக்கொரு முறை காட்டினால் போதும். ஈறு வீங்கினால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். கன்னத்துக்கு வெளியே சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கச் சிரமமானாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.