இரும்பை இறுக்கும் தண்ணீர் வெண்கலத்தை என்ன செய்கிறது?

புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசையாகச் சொல்லும் சிலப்பதிகாரம், கஞ்சகாரர், செம்பு செய்குநர், கொல்லர் என்று மூவரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. கஞ்சம் என்பது வெண்கலம். கஞ்சகாரர், பின்னாளில் கன்னார் எனப்பட்ட வெண்கல வேலைக்காரர். மூவருக்கும் உலை உண்டு, சுத்தியல் உண்டு. ஆனாலும் ஒருவரின் கைப்பக்குவம் இன்னொருவருக்கு உதவாது. காரணம் உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது.

செம்போடு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம். வெள்ளீயம் குறைவாக இருந்தால் ஆறிய பிறகும் ஓரளவு தட்டலாம். தட்டிச் செய்த பழைய உயர்ரகக் கிண்ணங்களில் அது 22, 23 சதவீதம். இந்தக் கலவையை மெல்ல ஆறவிட்டால் உள்ளே டெல்டா என்னும் படிகநிலை உருவாகும். மிகக் கடினமானது, கண்ணாடிபோல் நொறுங்கும். ஓர் அடி விழுந்தால் விரிசல்தான்.

சுமார் 590 டிகிரி செல்சியசுக்கு மேலே கதை மாறுகிறது. அங்கே டெல்டா கிடையாது. நன்றாக வளைந்துகொடுக்கும் பீட்டா நிலை இருக்கிறது. எனவே செக்கச்சிவந்திருக்கும்போது மட்டும் தட்ட வேண்டும், நிறம் மங்கினால் மறுபடி உலைக்கு. வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணே அளவுகோல். 800 டிகிரியை நெருங்கினாலோ கலவை உருகத் தொடங்கிவிடும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் வேலை செய்த அந்தக் கைகளை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

வடிவம் வந்ததும் தண்ணீரில் முக்குகிறார்கள். சட்டென்று குளிர்வதால் அணுக்கள் இடம்மாறி டெல்டாவாக அமைய நேரம் கிடைப்பதில்லை. பீட்டா, ஊசி ஊசியான நுண்ணமைப்பாக உறைந்துபோகிறது. கிண்ணம் எளிதில் உடையாது. கொல்லர் எஃகை முக்கும்போதும் நேரம் கிடைக்காததுதான் நிகழ்கிறது. ஆனால் அங்கே வெளியேற முடியாத கரி அணுக்கள் படிகத்தை விறைக்க வைப்பதால், எஃகு கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. செயல் ஒன்று, பலன் நேரெதிர்.

ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் ஈமச் சின்னங்களோடு கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் சில, இப்படித் தட்டித் தண்ணீரில் முக்கியெடுத்த வெண்கலமே என்று தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டின. முகம் பார்க்க உலோகத்திலேயே செய்யும் கேரளத்து ஆறன்முளாக் கண்ணாடியிலோ வெள்ளீயம் 33 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. அதை யாரும் தட்டுவதில்லை; வார்த்துத் தேய்க்கிறார்கள். கிண்ணத்தில் வேண்டாத டெல்டாதான் அங்கே வெள்ளிபோல் மின்னி முகம் காட்டுகிறது.