641 என்னும் சிறிய உளி

கணினி இல்லாத காலத்தில் ஒரு பத்து இலக்க எண் பகா எண்ணா (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவதா) இல்லையா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு மாணவி கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த பத்து இலக்க எண்ணை வைத்தே பதில் சொல்கிறேன்: 4294967297.

2³²-உடன் 1 கூட்டினால் இது வரும். அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இருந்தபோது கிடைத்த 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். ஆகவே இதுவும், இதற்கு மேல் வருபவையும் பகா எண்களே என்று 1640-ல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-ல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்: 641 × 6700417.

ஓர் எண் பகா எண் இல்லையென்றால், அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகா வகுத்தி இருந்தே தீரும். 4294967297-ன் வர்க்கமூலம் ஏறத்தாழ 65536; அதுவரை 6542 பகா எண்கள் உண்டு. அத்தனையாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி இருந்தால், அது 64-ன் மடங்கை விட ஒன்று அதிகமாகவே இருக்கும். இதை ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவது வகுத்தலிலேயே விடை! வேடிக்கை என்னவென்றால், இந்தச் சலுகையைத் தருவது ஃபெர்மாவே அதே 1640-ல் எழுதிய, ‘சிறிய தேற்றம்’ என்று பெயர் பெற்ற தேற்றம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் தட்டாமல் போய்விட்டார் மனிதர்.

641 மட்டும் தெரிந்துவிட்டால், வகுக்காமலேயே சரிபார்க்கலாம். எனக்கு அலுக்காத இடம் இதுதான். 641-ஐ முதலில் 5 × 128 + 1 என்று எழுதுங்கள். 128 என்பது 2⁷. அப்படியானால் 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு. 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் அதை −1 என்று வைத்துக்கொள்ளலாம். −1-ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 1. ஆக, 5⁴ × 2²⁸-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 1.

இப்போது 641-ஐ வேறு விதமாக எழுதுங்கள்: 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ வரும் இடத்தில் −2⁴ என்று போட்டுக்கொள்ளலாம். போட்டால் 5 காணாமல் போகிறது; −2³²-ன் மீதி 1 என்று மட்டும் நிற்கிறது. 2³²-ன் மீதி −1. ஒன்று கூட்டுங்கள்: பூஜ்யம். பத்து இலக்கத்தை ஒரு முறைகூட எழுதவில்லை!

எண்சோதிடக்காரரிடம் கொடுத்தால் இலக்கங்களைக் கூட்டி, 59, 14, 5 என்று இறங்கி, ‘ஐந்தாம் எண்’ என்பார். 9-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த 5. அதில் வேறு இரகசியம் எதுவும் இல்லை.

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1, இருபது இலக்கம். அதை 1880-ல் பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, உடைத்தார்: 274177 × 67280421310721. இந்த வரிசையில் 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை.