கூம்புச் சுரப்பி: ஒரு சொல்லும் அதற்குள் இருக்கும் இரவும்

போன கிழமை வெள்ளவத்தையில், காலி வீதியோரம் உள்ள ஒரு பாமசியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அன்ரி கைப்பைக்குள் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். கனடாவிலிருந்து வந்த மகன் கொடுத்துவிட்டுப் போனதாம்.

"தம்பி, உது மெலனின் குளிசையாம். நித்திரைக்கு எண்டுதான் தந்தவன். குடிச்சால் ஆள் கறுத்துப்போகுமோ?"

பாமசித் தம்பி போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "மெலனின் இல்லை அன்ரி, மெலற்றோனின். அது வேற, இது வேற. எதுக்கும் டொக்டரிட்ட ஒருக்காக் கேட்டிட்டுக் குடியுங்கோ."

தம்பி சொன்னது சரி. ஆனால் அன்ரி கேட்டதும் வெறும் கேள்வி அல்ல. மருத்துவத் துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்கும் வேலை எனக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே மனதில் நின்றது. இரண்டு சொற்களும் உண்மையில் ஒரே வேரில் பிறந்தவை. கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற மெலனினுக்கு அந்தச் சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. மெலற்றோனினின் முன்பாதியும் அதுவே.

நித்திரைக்கான பொருளுக்குக் கறுப்பு எதற்கு? 1917இல் மக்கோட், அலன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாட்டு மூளையிலிருந்து எடுத்த பினியல் என்ற சின்னச் சுரப்பியின் சாற்றை வாற்பேத்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் தோல் வெளிறிப்போனது. நாற்பது வருடம் கழித்து யேல் பல்கலைக்கழகத்தின் தோல்நோய் மருத்துவர் ஆரன் லேர்னர் அந்தச் சாற்றைத் தேடிப் போனார். தோலின் நிற நோய்களுக்கு அது உதவும் என்பது அவருடைய நம்பிக்கை. 1958இல் அதற்குள் இருந்த பொருளைப் பிரித்தெடுத்து, மெலற்றோனின் என்று பெயர் வைத்தார். நிறக் கலங்களில் வேலை செய்வதால் 'மெல'. உடம்பு இதைச் செரற்றோனின் என்ற இன்னொரு பொருளிலிருந்து செய்வதால் 'ற்றோனின்'. தவளைத் தோலின் கலங்களில் மெலனின் மணிகள் பரந்து கிடந்தால் தோல் கறுப்பாகத் தெரியும். மெலற்றோனின் பட்டதும் மணிகள் நடுவில் ஒதுங்கிவிடும், தோல் வெளிறும். மனிதத் தோலில் இந்த நிறமாற்றம் நடப்பதில்லை. அன்ரி அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இனிச் சுரப்பியின் பெயருக்கு வருவோம். இலத்தீனில் 'பினியா' என்பது பைன் மரத்தின் காய். இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலன் இந்த உறுப்பைப் பற்றி எழுதியபோது ஆண்ட 'கோனாரியோன்' என்ற சொல்லும் சின்னக் கூம்பு என்றே பொருள்படும். ஹந்தானை மலையில் பொறுக்கிய ஒரு பைன் காய் என் மேசையில் இருக்கிறது. அடியில் அகன்று, செதில் செதிலாக அடுக்கி, நுனியில் ஒடுங்குகிறது. அதை நெல்மணி அளவுக்குச் சுருக்கி, மூளையின் நட்டநடுவில், இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையே ஆழத்தில் வைத்துப் பாருங்கள். பினியல் சுரப்பி அதுதான். மூளையில் பலதும் சோடி சோடியாக இருக்க, இது ஒற்றையாக இருப்பதைக் கண்டுதான் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் ஆன்மா குடியிருக்கும் இடம் இது என்றார்.

தமிழில் இதைக் கூம்புச் சுரப்பி என்கிறோம். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர், அவ்வளவுதான் என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பியின் (பிற்றியூட்டரி) கதை வேறு. சளி மூளையிலிருந்து அதன் வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்று பழங்காலத்தில் நம்பினார்கள். இலத்தீன் பெயர் அந்தப் பிழையைச் சுமந்தது, நாங்களும் கபம் என்று அப்படியே தமிழில் இறக்கிவைத்துவிட்டோம். கூம்புக்கு அந்தக் குறை இல்லை. குறை இல்லாதது மட்டுமல்ல, மூலத்தில் இல்லாத ஒரு பொருளும் தமிழில் வந்து சேர்ந்திருக்கிறது.

கூம்பு என்ற பெயர்ச்சொல் கப்பலின் பாய்மரத்தைக் குறிக்கும், பூ மொட்டையும் குறிக்கும். வினையாக வந்தால் குவிதல், ஒடுங்குதல். பகலில் விரிந்த தாமரை மாலையில் கூம்பும். 'மலர்தலும் கூம்பலும் இல்லது அறிவு' என்று 425ஆம் குறள் சொல்வது இந்தப் பொருளில்தான். 490ஆம் குறளில் கொக்கு அசையாமல் ஒடுங்கிக் காத்திருப்பதும் கூம்புதலே. இப்போது சுரப்பியின் வேலையைப் பாருங்கள். விழித்திரையில் விழும் வெளிச்சம், மூளையின் பரிவகக்கீழில் (ஹைப்போதலமஸ்) உள்ள உடற்கடிகாரத்துக்குச் சேதி அனுப்புகிறது. அங்கிருந்து நரம்பு வழி நேரே சுரப்பிக்குப் போவதில்லை. முள்ளந்தண்டுக்கு இறங்கி, கழுத்தில் உள்ள நரம்புத்திரட்டு ஒன்றைத் தொட்டு, மறுபடி மேலேறித்தான் போகிறது. பகலில் மெலற்றோனின் சுரப்பு மிகக் குறைவு. பொழுதுபட்டு வெளிச்சம் அடங்கினதும் கூடத் தொடங்கி, நடுச்சாமம் கழிந்து உச்சத்துக்குப் போய், விடியும்போது இறங்கிவிடும். தாமரை கூம்பும் வேளையில் இந்தச் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. இந்தப் பொருத்தம் தற்செயல்தான், தெரியும். இருந்தாலும் அதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

அப்புறம் மெலற்றோனினை உறக்க ஓமோன் என்று எழுதுகிறார்களே, அதை நான் ஏற்பதில்லை. எலி இரவில் விழித்து ஓடித் திரியும் பிராணி. அதற்கும் இது இரவில்தான் சுரக்கிறது. ஆக இது நித்திரையைச் சொல்லவில்லை, இருட்டைச் சொல்கிறது. அந்த இருட்டில் உறங்குவதா திரிவதா என்பது ஒவ்வொரு உயிரின் வழக்கம். மனிதர் உறங்குகிறோம்.

இரவின் நீளத்தையும் இது அளந்து சொல்கிறது. இனப்பெருக்கக் காலத்தைப் பல விலங்குகளின் உடம்பு அறிவது இதனால்தான். கொழும்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணித்தியாலம் மட்டில்தான். அன்ரியின் மகன் இருக்கும் கனடாவிலோ, ரொறன்ரோவை எடுத்துக்கொண்டால், ஆறு மணித்தியாலத்துக்கு மேல். எங்களுக்கு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு இரவு கிடைக்கிறது. அதைக் குறைப்பது வானம் அல்ல. கட்டிலில் படுத்தபடி முகத்துக்கு நேரே பிடிக்கிற போனின் வெளிச்சம். அதிலும் நீல ஒளி இந்தச் சுரப்பை மற்ற நிறங்களைவிட அதிகம் அடக்கும்.

சரி, எப்படி எழுதுவது? சுரப்பியைக் கூம்புச் சுரப்பி என்றே எழுதலாம். முதல் இடத்தில் மட்டும் பினியல் என்பதைப் பக்கத்தில் வைத்தால் வைத்தியர் சொன்னதோடு வாசிப்பவர் பொருத்திப் பார்ப்பார். மெலற்றோனினை மாற்ற வேண்டாம். கறுப்பு என்று மொழிபெயர்த்தால் அன்ரியின் பயந்தான் திரும்பி வரும். கையில் இருக்கும் துண்டுப்பிரசுரத்தில் 'நித்திரை ஓமோன்' என்று இருந்த இடத்தை நேற்றிரவு வெட்டினேன். இப்போது அங்கே இருப்பது: 'மெலற்றோனின் – இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஓமோன். கூம்புச் சுரப்பியில் சுரக்கிறது.'