லெகசி சிஸ்டம்: மரபா, முதுசொமா?

வேதிப்பொருள் ஆலைகளில் பழைய ஈஆர்பி மென்பொருளை (கொள்முதல், இருப்பு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கையாளும் நிர்வாக மென்பொருள்) மாற்றும் பேச்சு எழுந்தாலே ‘லெகசி சிஸ்டம்’ என்ற சொல்லும் கூடவே வரும். தமிழில் இதை ‘மரபு மென்பொருள்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. மரபுக் கவிதை, மரபு விதை என்று நாம் போற்றிக் காப்பவற்றுக்கு உரிய சொல் அது. கழற்றி எடுக்கப்போகிற மென்பொருளுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

லத்தீன் ‘லெகாரே’ என்ற வினைக்குத் தூது அனுப்புதல், உயில் எழுதி விட்டுச்செல்லுதல் என இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் ‘லெகசி’ முதலில் தூதர் பதவியைக் குறித்து, பிறகு உயில்வழிச் சொத்தானது. கணினித் துறை எடுத்துக்கொண்டது இந்தப் பின்பொருளைத்தான்: முன்பு இருந்தவர்கள் விட்டுப்போய், நம் தலையில் வந்து சேர்ந்தது.

ஆலையில் இது எப்படி இருக்கும்? ஒரு பேட்ச்சுக்கு, அதாவது ஒரே தடவையில் தயாரிக்கும் அளவுக்கு, 46 கிலோ தூய மூலப்பொருள் வேண்டும். வந்திருக்கும் டிரம்மின் தூய்மை 92 சதவீதம். அப்படியானால் 50 கிலோ நிறுக்க வேண்டும். நட்டு, போல்ட்டு எண்ணுவதற்காக எழுதிய பழைய மென்பொருளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஷிஃப்ட் பொறுப்பாளர் எக்செல்லில் போட்டுப் பார்த்து, சீட்டில் எழுதித் தருவார். வந்த சரக்குத் தொகுதியை அடையாளம் காட்டும் லாட் எண் ஒரு நோட்டில், தரச்சான்று வேறொரு கோப்பில். வருடக்கணக்கில் சேர்ந்த இந்தத் திருத்தங்களையும் சேர்த்துத்தான் லெகசி என்கிறோம். மென்பொருளை மாற்றுவதைவிட இவற்றைத் தேடிப் பிடித்து எழுதிவைப்பதுதான் பெரிய வேலை.

இத்துறைக்கும் வணிக மென்பொருளுக்கும் உறவு பழையது. ஈஆர்பி மென்பொருளுக்குப் பேர்போன எஸ்ஏபி நிறுவனம் 1972-ல் தொடங்கியது. அதன் முதல் வாடிக்கையாளரே ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனம் ஜெர்மனியில் வைத்திருந்த நைலான் ஆலைதான். ‘ஈஆர்பி’ என்ற பெயரே 1990-ல்தான் வந்தது.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: முதுசொம். முது என்பது பழமை, சொம் என்பது சொத்து. யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்க்கையில் சம்பாதித்தது) ஆகியவற்றோடு முதுசொம் என்பதையும் தனிவகைச் சொத்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. முன்னோர் விட்டது என்ற பொருள் மட்டும் இதில் இருக்கிறது; புகழ்ச்சி இல்லை, இகழ்ச்சியும் இல்லை.

பேச்சில் ‘பழைய சிஸ்டம்’ என்றாலே போதும், யாருக்கும் புரியும். எழுத்தில் ‘முதுசொம் மென்பொருளில் உள்ள ஃபார்முலாக்களைப் புதிய ஈஆர்பிக்கு மாற்றுகிறோம்’ என்று எழுதலாம்.