பிரேக் கத்தினால் எண்ணெய் விடாதீர்கள், சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

தை பிறந்தால் காரைக்குடிப் பட்டறைகளுக்கு ஒரு வேலை நிச்சயம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் நின்ற கார்கள் எல்லாம் கல்யாணத்துக்காக வெளியே வரும், வந்ததுமே கத்தும். சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த வீட்டுக்காரர் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு கிளம்பியிருப்பார். இளையாத்தங்குடி தாண்டுவதற்குள் டிரைவர் தம்பியிடமிருந்து போன் வந்துவிடும். "அண்ணே, பிரேக்கை மிதிச்சா கிரீச்சுங்குது, ரோட்டுல போறவன்லாம் திரும்பிப் பாக்குறான். கொஞ்சம் ஆயில் விட்டுரவா?"

விடக் கூடாது. இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெய், துரு போக்கும் ஸ்பிரே, கிரீஸ் என்று எதை டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) தடவினாலும் சத்தம் நிற்கும், அது உண்மைதான். உராய்வு போய்விட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்த உராய்வுதான் பிரேக். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கட்டையான பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அதைத் துடைத்து, வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுவதெல்லாம் வேலைக்கு ஆகாது, தூக்கித்தான் போட வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் விட்டுவிட்டு அவசரமாக மிதித்தால் பிடிக்கிற பக்கமாக வண்டி இழுக்கும், எதிரே லாரி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பட்டறைக்கு வரும்போதே இரண்டு முன்சக்கரமும் மினுமினுவென்று எண்ணெய் வடிந்தபடி வந்த கார்கள் உண்டு. ஷாம்பு தண்ணீர் தெளிப்பதும் அதே கதைதான், கொஞ்ச நேரம் அடங்கும், காய்ந்ததும் திரும்பக் கத்தும்.

சத்தம் வருவது எப்படி என்று ஒரு வார்த்தை. சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்வுகிறது. கவ்வும்போது பேட் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி, மறுபடி வழுக்கி, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்தால் அது காதில் கீச்சென்று விழும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைமேல் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து எழுதும்போது உடம்பு கூசுமே, அதே விஷயம்தான். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் நின்றுபோகும். அதனால் கத்துகிற பிரேக் எல்லாம் பிடிக்காத பிரேக் அல்ல. கத்தாமலே காலை வாரிவிடும் பிரேக்கும் இருக்கிறது.

வண்டி வந்ததும் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை, முதலில் "எப்ப வருது?" என்று கேட்பேன். மிதிக்கும்போதா, மிதிக்காதபோதா, காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா, முன்னாலா பின்னாலா. இதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காலையில் எடுத்ததும் நாலைந்து பிரேக்குக்குச் சரசரவென்று தேய்த்து, அப்புறம் தானாக நின்றுவிட்டால் அது ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. வார்ப்பிரும்புக்கு மேலே பெயின்ட் கிடையாது, ஒரு மழை போதும், ஒரு கார்வாஷ் போதும். துரு ஏன் பிடிக்கிறது என்பதையும் ஆராய்ச்சி பண்ணுகிற, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியை ஊருக்குள் வைத்துக்கொண்டு நாம் அதற்குப் பயப்படலாமா? பேட் தானே தேய்த்து எடுத்துவிடும், பட்டறைக்கே வர வேண்டாம். மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் துரு குழி விழுந்திருக்கும், பேட் உட்கார்ந்திருந்த இடம் அச்சு மாதிரி டிஸ்க்கில் பதிந்திருக்கும், மிதித்தால் பெடல் காலில் துடிக்கும். டிஸ்க்கில் குறைந்தபட்சம் இவ்வளவு தடிமன் வேண்டும் என்று பொறித்திருப்பார்கள். அதற்கு மேல் மிச்சமிருந்தால் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம், இல்லாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

மிதிக்காமல் ஓடும்போதே மெல்லிய விசில் மாதிரி வந்து, மிதித்தால் நிற்கிறதா? அநேகமாக அது பேட் தேய்ந்துவிட்டது என்ற அறிவிப்பு. பல பேட்களில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்த ஆரம்பிக்கும், கத்துவதற்காகவே வைத்தது. விலை குறைந்த பேட் சிலவற்றில் இந்தத் தகடே இருக்காது, பின்சக்கர டிரம்முக்குள் பேடுக்குப் பதிலாக இருக்கும் ஷூவிலும் இருக்காது, அங்கெல்லாம் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். விசிலையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் அடுத்து கொரகொரவென்று இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம். அதைக் கேட்டால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டுங்கள். திருச்சி-ராமேஸ்வரம் ரோட்டில் அப்படியே ராமேஸ்வரம் வரைக்கும் போய் வந்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேட் மட்டும் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை டிஸ்க், சில சமயம் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் வரைக்கும் போய்விடும்.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒன்று, சரளை. செம்மண் பாதையில் கோயிலுக்குப் போய் வரும்போது ஒரு பொடிக்கல் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கேட்கிற சத்தத்துக்குச் சக்கரமே கழன்று விழப்போகிறது என்று தோன்றும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து முன்னால் போனால் பல தடவை தானே விழுந்துவிடும். இதற்குப் போய் பேட் மாற்றச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

கொடைக்கானல் போய் வந்த மறுநாளிலிருந்து கத்துகிறது என்றால் இறங்கும்போது எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்பேன். நியூட்ரலில் விட்டு, பெட்ரோல் மிச்சம் என்று பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கியிருப்பார்கள். சூட்டில் பேட் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இறுகிவிடும், டிஸ்க்கில் நீலம் பாய்ந்த தடம் தெரியும். லேசாக இருந்தால் எமரி பேப்பரில் தேய்த்துச் சரிபண்ணலாம், விரிசல் விட்டிருந்தால் புதுசுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அலாய் வீல் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்து, "பேட் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்புவது பெரிய வழக்கமாகிவிட்டது. வெளியே தெரிவது வெளிப்பக்கத்துப் பேட் மட்டும். நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர். பிஸ்டன் உள்பேடைத் தள்ளும், அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுசும் 'பின்' என்கிற இரண்டு வழுக்குக் கம்பிகள்மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துக்கொண்டு வந்து அழுத்தும். அந்தப் பின்னில் கிரீஸ் காய்ந்து, ரப்பர் உறை கிழிந்து ஈரமும் செம்மண் தூசியும் உள்ளே போய் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. வெளிப்பேட் புதுசு மாதிரி உட்கார்ந்திருக்கும், உள்பேட் தகடு வரைக்கும் தேய்ந்திருக்கும். நாள்கணக்கில் நின்று எப்போதாவது ஓடும் வண்டிகளில் இதை அதிகமாகப் பார்க்கிறேன், கிலோமீட்டர் பார்த்தால் குறைவாகத்தான் இருக்கும், "இவ்வளவுதான ஓடியிருக்கு, அதுக்குள்ள எப்படித் தேயும்" என்று சண்டைக்கும் வருவார்கள். சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பேடையும் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்மானம் ஒரே மாதிரி இல்லையென்றால் பேட் மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, புதுசும் அதே மாதிரிதான் போகும்.

பின்னைக் கழற்றித் துடைத்து அதற்கென்று வரும் சிலிகான் கிரீஸைப் போட வேண்டும். வீல் பேரிங் கிரீஸ் கையில் இருக்கிறதே என்று அதை வைத்தால் ரப்பர் உப்பிப்போய் அந்தப் பின் முன்னைவிட இறுகிவிடும். பேட் உட்காரும் இடத்தில் துருவைக் கம்பி பிரஷ்ஷில் சுரண்டி எடுக்க வேண்டும், பேட் முதுகில் ஒட்டியிருக்கும் ஷிம் தகடு, சின்ன கிளிப் எல்லாம் திரும்ப மாட்டியாக வேண்டும். அந்தத் தகடு பேட் அதிர்வை அடக்குவதற்காகத்தான் இருக்கிறது. "இது தேவையில்லை சார்" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பேட் போட்ட அன்றே வண்டி கத்துகிற கேஸ் நிறைய. பேடின் ஓரம் கூர்மையாக இருந்தால் லேசாகச் சரித்து விடுவோம். பேட் மாற்றினால் இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏர் அடித்து பிரேக் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்துக் கழுவுவதுதான் முறை.

புதுப் பேட் போட்டதும் ஆள் இல்லாத ரோட்டில் 50-லிருந்து 10 வேகத்துக்கு நிதானமாக, முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை குறைத்து, அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். கோவிலூர் தாண்டி அதற்குத் தோதான ரோடு இருக்கிறது. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியாவிட்டால் நல்ல பேடும் கத்தும்.

ஊருக்குத் திரும்பும்போது காரை ஷெட்டில் விடுகிறவர்கள் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை எடுக்கும்போது டமாரென்று விடும், அல்லது விடவே விடாது. முதல் கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பார்க்கில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீடு பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒரு தடவை எடுத்து பஸ் ஸ்டாண்ட் வரைக்காவது போய் வரச் சொல்லுங்கள். ஷெட்டிலேயே ஸ்டார்ட் பண்ணி அணைப்பதால் பேட்டரிக்கும் பெரிய லாபம் இல்லை, பிரேக்குக்குச் சுத்தமாக இல்லை. பிரேக் ஆயிலையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் மலை இறங்கும்போது பெடல் பஞ்சாகப் போவது இதனால்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் காலையில் சின்னதாக ஒரு கீச் மிச்சமிருக்கலாம். இரும்புத் தூள் அதிகம் கலந்த செமி மெட்டாலிக் பேடுக்கு அது இயல்பு, அதற்குமேல் செலவு பண்ண வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புவேன். "புதுசா மாத்திட்டேன்னு சொன்னீக, இன்னும் கத்துதேப்பா" என்று ஆச்சி விடாமல் கேட்டால் இரும்புத் தூள் கலக்காத ஆர்கானிக் பேட் போட்டுத் தருகிறேன், சத்தம் குறையும், ஆனால் சீக்கிரமே தேய்ந்துவிடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.